நான்கு டிக்கெட், ஐந்து உருப்படி: பெங்களூரு–டெல்லி பயணக் கணக்கு

கிருஷ்ணகிரி பக்கம் காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டி வைத்திருக்கிறேன். எடை பார்ப்பதுதான் என் பிழைப்பு. என் மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போடப்படுகிறது. ஐம்பது கிராம் கூடினாலும் குறைந்தாலும் என் கை அதைத் தராசுக்கு முன்பே சொல்லிவிடும். அந்த நம்பிக்கையோடுதான் சென்ற ஜூன் மாதம் குடும்பத்தோடு டெல்லிக்கு விமானம் ஏறப் போனேன். மகளும் மருமகனும் டெல்லியின் துவாரகா பகுதியில் சொந்தமாக வீடு வாங்கியிருந்தார்கள். புதுமனை புகுவிழாவுக்கு நான், என் மனைவி, 78 வயதான என் அம்மா, மகனுடைய ஆறு வயது மகள், ஆக நான்கு பேர். போகவும் வரவும் ஒரே குறைந்த கட்டண விமான நிறுவனம். இங்கே சில குறைகளையும் சொல்லப் போவதால் அதன் பெயரை எழுதவில்லை. நான் எழுதுவது, இதே வேலையில் இறங்கப்போகும் எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்கு டிக்கெட் எடுக்கும்போது பயன்படட்டும் என்றுதான்.

முதலில் நேரம். தேடியவுடன் கண்ணில் பட்ட மலிவான டிக்கெட், விடியற்காலை 5.45க்குக் கிளம்பும் விமானம். ஆளுக்கு 4,810 ரூபாய். பகல் 11.40 விமானத்துக்கு 5,460. நான்கு பேருக்கு 2,600 ரூபாய் மிச்சம் என்று மனம் உடனே தாவியது. ஆனால் அந்த மிச்சம் பெங்களூருக்குள் குடியிருப்பவர்களுக்குத்தான். கிருஷ்ணகிரியிலிருந்து தேவனஹள்ளி விமான நிலையம் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். 5.45 விமானத்தைப் பிடிக்க நள்ளிரவு தாண்டியதும் வீட்டைப் பூட்ட வேண்டும். அம்மாவை இரவு முழுவதும் காரில் உட்கார வைத்துவிட்டு, அடுத்து மூன்று மணி நேரம் விமானத்திலும் உட்கார வைப்பது முறையா? தனியாகப் போகும் என் மகனுக்குக்கூட இந்தக் கணக்கு ஒத்துவராது. பகல் விமானம் என்றால் அரசுப் பேருந்தில் எலக்ட்ரானிக் சிட்டி வரை போய், அங்கிருந்து விமான நிலையத்துக்கு ஓடும் வாயு வஜ்ரா பேருந்தில் ஏறிவிடுவான். விடியற்காலை விமானம் என்றால் வாடகைக் கார் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் முந்தைய நாளே போய் அறை எடுக்க வேண்டும். டிக்கெட் விலையோடு வீட்டு வாசலில் இருந்து ஆகும் செலவையும் சேர்த்துப் பார்த்த பிறகு, எங்களுக்கு 11.40தான் மலிவு.

தருமபுரிக்காரர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஓமலூர் அருகே காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையத்தில் 2023 அக்டோபரிலிருந்து மீண்டும் விமானங்கள் வந்து போகின்றன. அவர்களுக்கு அது ஒரு மணி நேரப் பயணம். ஆனால் அங்கிருந்து போகும் ஊர்கள் சில மட்டுமே, விமானங்களும் சிறியவை. டெல்லி போக வேண்டும் என்றால் எங்கள் மாவட்டத்துக்குப் பெங்களூருதான் வாசல்.

இனி கட்டணம். ஒரே விமானம், ஒரே இருக்கை, ஆனால் திரையில் நான்கு விலை. பெரிய எழுத்தில் இருந்தது 5,240. அது சரக்குப் பெட்டியில் போடும் பை இல்லாத கட்டணம். கையில் 7 கிலோ மட்டும் எடுத்துப் போகலாம். 2021இல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அனுமதித்த முறை அது. அடுத்தது 15 கிலோ பையோடு 5,460. அதற்கு மேல், தேதி மாற்றினால் குறைவாகப் பிடிக்கும் கட்டணம் ஒன்று. சாப்பாடும் இருக்கையும் சேர்ந்த கட்டணம் ஒன்று. நான் 15 கிலோ கட்டணத்தை எடுத்தேன். போகும் வழிக்கு அது சரியான முடிவு. திரும்பும் வழிக்கு வேறு மாதிரி செய்து அனுபவித்ததைப் பின்னால் சொல்கிறேன்.

அதன்பிறகு வந்த பக்கங்களில்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. பயணக் காப்பீடு, ஆளுக்கு 249 ரூபாய், முன்கூட்டியே ‘சேர்க்கப்பட்டது’ என்று குறியோடு நின்றது. நான் கேட்கவில்லை. அதை எடுத்துவிட்டு அடுத்த பக்கம் போனால், ‘காப்பு இல்லாமல் பயணம் செய்யச் சம்மதிக்கிறேன்’ என்று எழுதிய பொத்தானை அழுத்தச் சொல்கிறது. அம்மாவை அழைத்துப் போகிற ஒருவனை அந்த வாசகம் என்ன செய்யும்? மண்டியில் விவசாயி ஒருவரிடம் நான் இப்படிப் பேசினால் மறுநாள் அவர் வண்டி என் கடை முன்னால் நிற்காது. என் மருமகன் சொல்லித்தான் தெரிந்தது: 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இத்தகைய 13 உத்திகளைப் பெயர் சொல்லித் தடை செய்திருக்கிறது. கேட்காத பொருளைக் கூடையில் போடுவதும், விலையைப் பக்கம் பக்கமாக ஏற்றிக்கொண்டே போவதும், வேண்டாம் என்பவரைக் குற்ற உணர்ச்சிக்கு ஆளாக்குவதும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆகவே யாரும் தயங்க வேண்டாம். எடுத்துவிடுங்கள்.

சாப்பாட்டுப் பக்கத்தில் ஆளுக்கு 400 ரூபாய் என்று வந்தது. தாண்டினேன். வீட்டிலிருந்து புளிச்சோறும் எள்ளுருண்டையும் கட்டிக்கொண்டு போனோம். சோதனையில் யாரும் தடுக்கவில்லை. அடுத்தது இருக்கைப் பக்கம். நான்கு பேருக்கும் தலா 450 ரூபாய் இருக்கைகளை அதுவே தேர்ந்தெடுத்து வைத்திருந்தது. தவிர்த்துவிட்டுப் போகும் வழி, திரையின் ஓரத்தில் மங்கிய எழுத்தில் இருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டுதான் கண்டுபிடித்தேன். எல்லாவற்றுக்கும் சரி சரி என்று அழுத்திக்கொண்டே போயிருந்தால் கடைசிப் பக்கத்தில் 27,436 ரூபாய் நின்றிருக்கும். நான் கொடுத்தது 23,840. அதில் இணையத்தில் பணம் கட்டுவதற்கென்று ஆளுக்கு 300 ரூபாய் பிடித்ததும் அடக்கம். அதை மட்டும் எப்படியும் தவிர்க்க முடியவில்லை. டிக்கெட்டை ரத்து செய்தாலும் அந்தத் தொகை திரும்பாது.

இருக்கைக்குப் பணமே கொடுக்கக் கூடாது என்று சிலர் அடித்துப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணம் இருந்தால் கொடுக்க வேண்டும். அம்மாவுக்கு வலது முழங்கால் மடங்காது. ஒரு மணி நேரம் மடக்கி வைத்தால் இரவெல்லாம் வலி. இந்த விமானங்களில் நடைபாதையின் இரு பக்கமும் மும்மூன்று இருக்கைகள். முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் இடப்பக்கம் ஏ, பி, சி. வலப்பக்கம் டி, இ, எஃப். நடைபாதை ஓரம் சியும் டியும். சியில் உட்காருபவருக்கு நடைபாதை வலக்கைப் பக்கம் வரும். தள்ளுவண்டி வராத நேரத்தில் வலது காலை மெல்ல நீட்டிக்கொள்ளலாம். டியில் உட்கார்ந்தால் இடது காலைத்தான் நீட்ட முடியும். ‘நடைபாதை ஓரம்’ என்று மட்டும் பார்த்து டியை எடுத்திருந்தால் அம்மாவுக்கு ஒரு பயனும் இருந்திருக்காது. கதவிலிருந்து நடக்கும் தூரம் குறையட்டும் என்று நான்காவது வரிசை. 4சி 450 ரூபாய், பக்கத்தில் எனக்கு 4பி 350 ரூபாய். மொத்தம் 800 ரூபாயும் வாங்கிய வேலையைச் செய்தது. முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் எந்தக் கால் என்று கேட்டுவிட்டு இருக்கையைத் தொடுங்கள்.

கால் நீட்ட இடம் அதிகம் என்று அவசர வழிக்குப் பக்கத்து வரிசையை எடுத்துவிடாதீர்கள். பெரியவர்களையும் குழந்தைகளையும் அங்கே உட்கார விடமாட்டார்கள்.

பேத்திக்கும் என் மனைவிக்கும் ஒரு ரூபாயும் கொடுக்கவில்லை. 12 வயது வரையிலான குழந்தைக்கு, ஒரே பதிவு எண்ணில் பயணம் செய்யும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவரின் பக்கத்தில் இடம் தர வேண்டும் என்று 2024 ஏப்ரலில் இயக்குநரகம் உத்தரவிட்டது. ‘குழந்தை தனியாகப் போய்விடுமோ’ என்ற பயத்தில்தான் பல குடும்பங்கள் அந்தப் பக்கத்தில் பணத்தைக் கட்டுகின்றன. பயம் வேண்டாம், எல்லோருக்கும் ஒரே பதிவில் டிக்கெட் எடுத்தால் போதும். கிளம்பும் முன் இணையத்தில் இருக்கையை உறுதி செய்தபோது அவர்கள் இருவருக்கும் 21டி, 21இ என்று பக்கம் பக்கமாகவே வந்தது. ஜன்னல் ஓரம் இருந்த ஒரு தம்பி பேத்தியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே எழுந்து இடம் மாறிக்கொண்டார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

சாமான் கட்டியது ஒரு தனிக் கதை. சொந்த ஊர் மண்ணில் விளைந்தது எதுவும் இல்லாமல் மகள் வீட்டு வாசலை மிதிக்க எங்களுக்கு மனம் வராது. பாலக்கோட்டுப் பக்கத்துப் புளி 3 கிலோ, கேழ்வரகு மாவு 5 கிலோ, நிலக்கடலை, எண்ணெய் மாங்காய் ஊறுகாய், சீராகக் கொடுக்க ஒரு ஜோடி பித்தளைக் குத்துவிளக்கு. அதற்கு மேல் இரண்டு பெட்டி மாம்பழம். ஒன்றில் அல்போன்சா, ஒன்றில் மல்கோவா. பழுத்ததை விமானத்தில் அனுப்பக் கூடாது. காம்படியில் நிறம் திரும்பத் தொடங்கிய செங்காயாகப் பார்த்து, காம்பை ஒரு விரல்கடை நீளம் விட்டு நறுக்கி, பால் வடிந்து காய்ந்த பிறகு ஒவ்வொன்றையும் தினத்தாளில் சுற்றி, காம்பு கீழ்நோக்கி இருக்கும்படி அடுக்கினேன். பெட்டியின் நான்கு பக்கமும் காற்றுத் துளை.

எல்லாவற்றையும் என் தராசில் ஏற்றினேன். பெட்டிகள் 10.2, 10.3, சூட்கேஸ்கள் 14.6, 13.8, ஒரு துணிப்பை 9.4. கூட்டினால் 58.3 கிலோ. நான்கு டிக்கெட்டுக்கு 60 கிலோ. ஆறு வயதுக் குழந்தைக்கும் முழு டிக்கெட், ஆகவே அவளுக்கும் 15 கிலோ உண்டு. இரண்டு வயது நிறையாத கைக்குழந்தைக்கு இருக்கையும் கிடையாது, இந்த எடையும் கிடையாது. 1.7 கிலோ மிச்சம் வைத்துக் கட்டியிருக்கிறோம் என்று நிம்மதியாக இருந்தேன். கிளம்புகிற நேரத்தில் மகன், கைப்பேசிக்கு மின்னேற்றும் பவர் பேங்கைச் சூட்கேசிலிருந்து எடுத்துக் கைப்பையில் போட்டான். அது சரக்கில் போகக் கூடாது. வாசலில் உடைக்க என் மனைவி கைப்பையில் வைத்த தேங்காயை நானே எடுத்து வீட்டில் வைத்தேன். தேங்காயைக் கைப்பையில் அனுமதிப்பதில்லை. சபரிமலை பக்தர்களின் இருமுடிக்கு மட்டும் அந்தப் பருவத்தில் விலக்கு கொடுத்திருக்கிறார்கள்.

காலை ஐந்தரைக்குக் கிளம்பி, ஓசூர் தாண்டி நகரத்து நெரிசலுக்குள் போகாமல் பாகலூர், மாலூர், ஒசக்கோட்டை வழியாகத் தேவனஹள்ளி போனோம். ஒன்பது மணிக்கு முன்பே கவுண்டரில் நின்றோம். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்திருந்தேன். பெயர் சொன்னதும் ஒரு பையன் நாற்காலியோடு வந்துவிட்டான். அதற்கு எங்களிடம் கட்டணம் வாங்கவில்லை.

கவுண்டரில் இருந்த பெண் ஒவ்வொன்றாகத் தராசில் வைக்கச் சொன்னாள். என் கண் முழுக்க அந்தச் சிவப்பு எண்ணில்தான். கூட்டு எடை 58.5. என் தராசுக்கும் அந்தத் தராசுக்கும் 200 கிராம் வித்தியாசம். ஐந்து முறை ஏற்றி இறக்கியதில் அது நேர்மையான வித்தியாசம், மனநிறைவாக இருந்தது. ஆனால் அவள் அட்டை ஒட்டாமல் நிமிர்ந்து, “சார், நான்கு பேருக்கு நான்கு உருப்படிதான். உங்களிடம் ஐந்து இருக்கிறது” என்றாள்.

எடை சரியாகத்தானே இருக்கிறது என்றேன். எடை சரி, எண்ணிக்கை கூடுதல் என்றாள். ஐந்தாவது உருப்படிக்கு 1,900 ரூபாய். என் மண்டியில் எடைதான் எல்லாம். நூறு கிலோவை இரண்டு மூட்டையாகக் கொடுத்தாலும் நான்கு மூட்டையாகக் கொடுத்தாலும் பணம் ஒன்று. டிக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். ‘15 கிலோ’ என்று தடித்த எழுத்தில் இருந்தது. ‘ஒரு உருப்படி’ என்பது அதற்குக் கீழே பொடி எழுத்தில், அடைப்புக்குறிக்குள். நான் படிக்கவில்லை என்பது என் தவறு. ஆனால் ஊரிலிருந்து பையும் பெட்டியுமாகக் கட்டிக்கொண்டு போகும் மக்களுக்கு எடையைவிட முக்கியமான அந்தச் செய்தியைப் பொடி எழுத்தில் போட்டது அவர்கள் தவறு. அதை நான் நேரடியாகவே சொன்னேன்.

எங்கள் ஊரில் தமிழோடு கன்னடமும் தெலுங்கும் பேசியே வளர்கிறோம். அவளிடம் கன்னடத்தில் கேட்டேன்: இரண்டு மாம்பழப் பெட்டிகளையும் சேர்த்துக் கட்டினால் ஒரு உருப்படியாக எடுத்துக்கொள்வாயா? யோசித்தாள். 20 கிலோ வரும், 32 கிலோவுக்குள் இருந்தால் தூக்கலாம், சேர்த்துக் கட்டுங்கள் என்றாள். இடுப்புப் பையிலிருந்து சணல் கயிற்றை எடுத்தேன். “கயிறு வேண்டாம் சார், உள்ளே ஓடும் பட்டையில் சிக்கிக்கொள்ளும்” என்று சொல்லி, மேசைக்கு அடியிலிருந்து அகலமான டேப் சுருள் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, நீளவாக்கில் மூன்று சுற்று, குறுக்கில் மூன்று சுற்று, காற்றுத் துளைகளை மறைக்காமல் ஒட்டினேன். வரிசையில் பின்னால் நின்றவர்கள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஒருவர் பெட்டியைப் பிடித்தும் கொடுத்தார். நான்கு பேரும் ஒரே பதிவு எண்ணில் இருந்ததால் 20.5 கிலோ பெட்டியைத் தனியாகப் பார்க்காமல் எல்லா எடையையும் கூட்டியே பார்த்தார்கள். தனித்தனியாக டிக்கெட் எடுத்திருந்தால் அந்தப் பெட்டிக்கு மட்டும் 5.5 கிலோ அதிகம் என்று கிலோவுக்கு 600 ரூபாய் வீதம் வசூலித்திருப்பார்கள்.

விமானப் பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 25 நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. இருக்கை சுத்தமாக இருந்தது, சாயவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டதும் கொடுத்தார்கள். பணிப்பெண்கள் அம்மாவிடம் குனிந்து பேசினார்கள்.

துவாரகாவில் பெட்டியைப் பிரித்தபோது 71 பழங்களில் இரண்டுதான் அடிபட்டிருந்தன. லாரியில் சென்னைக்கு அனுப்பினால்கூட இதைவிட அதிகம் அடிபடும். சரக்கு ஏற்றுபவர்களைப் பற்றி நான் பயந்தது வீண். மூன்றாம் நாள் மல்கோவா வாசம் அந்த மாடி முழுவதும் பரவி, பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மா கதவைத் தட்டி என்ன பழம் என்று கேட்டார்.

இனி திரும்பும் வழி. சாமான் எல்லாம் இறங்கிவிடும், வெறும் துணிதானே என்று எண்ணி, அம்மாவுக்கும் பேத்திக்கும் பை இல்லாத கட்டணத்தை எடுத்திருந்தேன். இருவருக்கும் சேர்த்து 440 ரூபாய் மிச்சம். “மகள் வீட்டிலிருந்து நாம் எப்போதாவது வெறுங்கையோடு வந்திருக்கிறோமா?” என்று டிக்கெட் எடுத்த அன்றே என் மனைவி கேட்டாள். நான் காதில் வாங்கவில்லை. கிளம்புவதற்கு முந்தைய மாலை சம்பந்தி வீட்டார் கம்பளியும் புடவைகளும் ஒரு பெரிய பாத்திரமும் கொண்டுவந்து வைத்தார்கள். வேண்டாம் என்று சொல்லக்கூடிய உறவா அது? எடை போட்டால் 34.2 கிலோ, எங்களுக்கு இருந்ததோ 30. அன்றிரவே இணையத்தில் 5 கிலோ கூடுதலாக வாங்கினேன், 2,300 ரூபாய். காலையில் கவுண்டரில் போய்க் கேட்டிருந்தால் இன்னும் ஏறியிருக்கும். சாமான் முழுவதையும் இரண்டே உருப்படியாக அடக்கியதால் அந்த வகையில் தண்டம் இல்லை. அலுவலக வேலையாக ஒரே நாளில் போய் வரும் இளைஞர்களுக்குப் பை இல்லாத கட்டணம் நல்லது. கல்யாணம், காது குத்து, புதுமனை என்று போகிற குடும்பத்துக்கு அது ஒருபோதும் உதவாது.

ரத்து செய்வதைப் பற்றி ஒன்று. என் தங்கை கணவர் சென்ற ஆண்டு வேறொரு நிறுவனத்தில் எடுத்த டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, ‘பணம் திரும்பாத டிக்கெட்’ என்று எழுதியிருக்கிறதே என்று அப்படியே விட்டுவிட்டார். விடக் கூடாது. ரத்துக் கட்டணம் என்று அவர்கள் எவ்வளவு பிடித்தாலும் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் சேர்த்த தொகையைத் தாண்டக் கூடாது. விமான நிலையக் கட்டணங்களும் வரியும் எந்த டிக்கெட்டானாலும் பயணிக்குத் திரும்ப வேண்டும். பெங்களூரு, டெல்லி போன்ற நிலையங்களில் அது சில நூறு ரூபாய் வரும். கேட்டு வாங்குங்கள்.

2003இல் பெங்களூரிலிருந்து கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கானைத் தொடங்கி ஒரு ரூபாய்க்கும் டிக்கெட் விற்றபோது எங்கள் மண்டியில் அதைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. அன்று என் அப்பா உயிரோடு இருந்தார்; ஒரு முறையாவது ஏறிப் பார்க்க ஆசைப்பட்டார், நான் அழைத்துப் போகவில்லை. இன்று அம்மா ஏறிவிட்டார். மேகத்துக்கு மேலே போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இவ்வளவு வெளிச்சமா இங்கே?” என்று கேட்டார்.

தை மாதத்துக்கு மறுபடியும் டிக்கெட் எடுத்திருக்கிறேன். அதே நிறுவனம்தான். டெல்லியில் அப்போது காலை நேரத்தில் பனிமூட்டம் இருக்கும் என்பதால் இரு வழியும் பகல் விமானம். நான்கு பேருக்கும் போகவும் வரவும் 15 கிலோ, ஒரே பதிவு. அம்மாவுக்கு 3சி. காப்பீட்டுக் குறியை எடுத்துவிட்டேன். சாமான் நான்கு உருப்படி. என் மனைவி இப்போதே எண்ணி வைத்துவிட்டாள்.